உடைந்தாலும் பரவாயில்லை: ஒரு போர்டின் பயணம்

பள்ளி திறக்கும் ஜூன் மாதத்திலும் பிறந்தநாள் நெருங்கும்போதும் பெற்றோர்கள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "ஏழாவது படிக்கிற பிள்ளைக்கு எந்த எலக்ட்ரானிக்ஸ் கிட் வாங்கலாம்?" கேட்பவரின் கைபேசியில் ஏற்கெனவே இரண்டு மூன்று விளம்பரங்கள் இருக்கும். ஒன்று நூறு செய்முறைகள் என்கிறது. இன்னொன்று ரோபோ கார், கூடவே ரிமோட். மூன்றாவதின் மேலட்டையிலேயே செயற்கை நுண்ணறிவு என்று அச்சடித்திருக்கிறார்கள். மேலட்டையைப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுப்பது கடினம். உள்ளே இருக்கும் போர்டு யாருக்காக, என்ன கவலையிலிருந்து பிறந்தது என்று தெரிந்தால் கொஞ்சம் வெளிச்சம் கிடைக்கும். அப்படித் தெரிந்துகொள்ள வேண்டிய வரலாறு பிபிசி மைக்ரோபிட் என்ற சிறு போர்டுடையது. பிள்ளைகள் கைக்கு அது வந்தது 2016இல். அதன் கதையோ அதற்கு 38 ஆண்டுகள் முன்னால், ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் தொடங்குகிறது.

1978இல் பிபிசியின் 'ஹொரைசன்' தொடரில் மைக்ரோசிப் பற்றி ஓர் ஆவணப்படம் வந்தது. இந்தச் சிப் தொழிற்சாலைகளிலும் அலுவலகங்களிலும் புகுந்தால் மனிதர்களின் வேலை என்ன ஆகும் என்று அது கேட்டது. பிரிட்டனில் பெரிய விவாதம் கிளம்பியது. அதன் தொடர்ச்சியாக, சாதாரண மக்களுக்குக் கணினியைக் கற்றுத்தரும் திட்டம் ஒன்றை பிபிசி கையில் எடுத்தது. தொலைக்காட்சியில் பாடம் நடத்தினால் மட்டும் போதாது, திரையில் காட்டியதைப் பார்ப்பவரும் வீட்டில் அதே இயந்திரத்தில் தட்டிப் பார்க்க வேண்டும் என்று அவர்கள் நினைத்தார்கள். இந்த ஒரு நினைப்பு எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. கணினியைப் பற்றிச் சொல்வதோடு நிறுத்தாமல் அதைத் தொட வைக்க வேண்டும் என்று ஓர் ஒலிபரப்பு நிறுவனம் முடிவெடுத்தது.

அதற்கான இயந்திரத்தைச் செய்து தரும் வாய்ப்புக்கு கேம்பிரிட்ஜில் இருந்த ஏகார்ன் என்ற சிறு நிறுவனமும் போட்டியிட்டது. பிபிசியிலிருந்து ஆட்கள் பார்க்க வருகிறார்கள். காட்டுவதற்கு ஓடும் இயந்திரம் எதுவும் இல்லை, காகிதத்தில் திட்டம்தான் இருந்தது. நிறுவனர்களில் ஒருவரான ஹெர்மன் ஹவுசர், ஒரு வாரத்துக்குள் மாதிரியைச் செய்ய முடியுமா என்று பொறியாளர்கள் சோஃபி வில்சனையும் ஸ்டீவ் ஃபர்பரையும் தனித்தனியாகக் கேட்டார். இருவருமே முடியாது என்றார்கள். உடனே ஒவ்வொருவரிடமும், மற்றவர் முடியும் என்று சொல்லிவிட்டார் என்றார் ஹவுசர். திங்கட்கிழமை தொடங்கிய வேலை வெள்ளிக்கிழமை பிபிசி ஆட்கள் வந்தபோது முடிந்து, இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. ஒப்பந்தம் ஏகார்னுக்குக் கிடைத்தது. 1981 டிசம்பரில் பிபிசி மைக்ரோ வெளிவந்தது. மாடல் ஏ 235 பவுண்டு, மாடல் பி 335 பவுண்டு. அடுத்த மாதமே தொலைக்காட்சித் தொடரும் தொடங்கியது.

அந்த இயந்திரத்தின் பெரிய குணம், ஸ்விட்சைப் போட்டதும் நேராக பேசிக் மொழியில் வந்து நிற்பது. எதையும் நிறுவ வேண்டாம், எதையும் திறக்க வேண்டாம். கர்சர் மின்னும், பிள்ளை தட்டத் தொடங்கலாம். வெளியே விளக்கையோ சென்சாரையோ இணைக்கவும் இணைப்புகள் இருந்தன. சுமார் 15 லட்சம் விற்றது. பிரிட்டனில் ஒரு தலைமுறைப் பொறியாளர்கள் அதன் முன்னால்தான் உருவானார்கள்.

அந்த இயந்திரம் இந்தியாவுக்கும் வந்தது. 1984-85இல் மத்திய அரசு 'கிளாஸ்' என்ற பெயரில் பள்ளிகளில் கணினிக் கல்விக்கான முன்னோட்டத் திட்டத்தைத் தொடங்கியபோது, தேர்ந்தெடுத்தது பிபிசி மைக்ரோவைத்தான். மொஹாலியில் இருந்த அரசு நிறுவனமான செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ், 'யூனிகார்ன்' என்ற பெயரில் அதை இங்கேயே தயாரிக்கவும் செய்தது. கனவு நல்ல கனவு. ஆனால் ஒரு பள்ளிக்குக் கிடைத்தவை ஒருசில இயந்திரங்கள்தான். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் பள்ளியில் படித்தவர்களுக்கு 'கம்ப்யூட்டர் ரூம்' நினைவிருக்கும். வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும். ஜன்னலுக்குத் திரை போட்டிருக்கும், பள்ளியிலேயே ஏசி ஓடும் ஒரே அறை அதுவாக இருக்கும். நான்கைந்து பேர் ஒரு விசைப்பலகையைச் சுற்றி நிற்க, ஒருவர் மட்டும் தட்டுவார். மற்றவர்கள் நோட்டில் எழுதிக்கொள்வார்கள். "எதையும் அழுத்தாதே" என்பதுதான் முதல் பாடம்.

அந்த ஆசிரியர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. தன் பல மாதச் சம்பளத்தைவிட விலை உயர்ந்த பொருளுக்கு அவர் கையெழுத்துப் போட்டிருக்கிறார். பழுதானால் பதில் சொல்ல வேண்டியவர் அவர். எதையாவது அழுத்தினால் என்ன ஆகும் என்று பார்க்கும் ஆசைதான் கணினி கற்பதற்கான முதல் தகுதி. அந்த ஆசைக்கும் பிள்ளைக்கும் நடுவில் விலை வந்து நின்றுகொண்டது. நான் இந்தக் கதையை இங்கிருந்துதான் படிக்கிறேன். அடுத்த முப்பது ஆண்டுகளில் வெவ்வேறு ஊர்களில் வெவ்வேறு ஆட்கள் செய்ததெல்லாம், உடைந்தாலும் பரவாயில்லை என்று பிள்ளையிடம் சொல்லக்கூடிய ஒரு கணினியை நோக்கி எடுத்துவைத்த அடிகள்.

முதல் அடி எதிர்பாராத திசையில் விழுந்தது. பிபிசி மைக்ரோவுக்கு அடுத்து என்ன என்று யோசித்த ஏகார்ன், சொந்தமாக ஒரு பிராசசரையே வடிவமைக்கத் துணிந்தது. கட்டளைகளை வகுத்தவர் வில்சன், சிப்பின் கட்டமைப்பை வரைந்தவர் ஃபர்பர். 1985 ஏப்ரல் 26 அன்று முதல் சிப் வந்து, அது வேலையும் செய்தது. அது எவ்வளவு மின்சாரம் எடுக்கிறது என்று ஃபர்பர் அளந்தபோது மீட்டர் பூஜ்யம் காட்டியது. தேடிப் பார்த்தால், சிப்புக்கான மின் இணைப்பு கொடுக்கப்படவே இல்லை. பக்கத்துச் சர்க்யூட்டுகளிலிருந்து சிக்னல் ஒயர்கள் வழியாகக் கசிந்த மின்சாரத்திலேயே அது ஓடிக்கொண்டிருந்தது! இதுதான் ஏஆர்எம். இன்று நம் கைபேசிகள் ஏறக்குறைய எல்லாமே அந்தக் குடும்பத்துச் சிப்பில்தான் ஓடுகின்றன. இரண்டு சிறு பென்சில் செல்களில் பள்ளிப் பிள்ளையின் கணினி ஓட முடிகிறது என்றால், காரணத்தை இங்கே தேட வேண்டும்.

இடையில் பள்ளிகள் வேறு பக்கம் திரும்பிவிட்டன. தொண்ணூறுகளில் கணினி வகுப்பு என்றால் கடிதம் தட்டச்சு செய்வது, அட்டவணை போடுவது, ஸ்லைடு தயாரிப்பது என்று ஆனது. பிரிட்டனிலும் இதே நிலைதான். கேம்பிரிட்ஜில் கணினி அறிவியல் படிக்க விண்ணப்பிப்பவர்கள் குறைவதையும், வருகிறவர்களுக்கு முன்பிருந்த கைப்பழக்கம் இல்லாததையும் அங்கே கற்பித்த எபன் அப்டன் கவனித்தார். வீட்டில் கணினி இருக்கிறது, ஆனால் அது அப்பாவின் அலுவலகக் கோப்புகளும் குடும்பப் புகைப்படங்களும் உள்ள கணினி. அதில் கை வைத்துக் குடைய யார் விடுவார்கள்? 2012 பிப்ரவரி 29 அன்று வெளிவந்த ராஸ்பெர்ரி பை, இந்தக் கேள்விக்கு அவரும் நண்பர்களும் தந்த பதில். விலை 35 டாலர். மென்பொருள் முழுக்க ஒரு மெமரி கார்டில் இருக்கும். பிள்ளை எதையாவது அழித்து நாசமாக்கினால் கார்டை மறுபடி எழுதிக்கொண்டால் போதும். பிபிசி மைக்ரோவின் நினைவாகவே அதன் மாடல்களுக்கும் ஏ, பி என்று பெயர் வைத்தார்கள். ஆனால் அதற்கு மானிட்டர் வேண்டும், கீபோர்டு, மவுஸ், மெமரி கார்டு, சரியான அடாப்டர் எல்லாம் வேண்டும். போர்டின் விலையைப் பார்த்து வாங்கியவர்கள் மீதியைச் சேர்ப்பதற்குள் களைத்துப்போவதை நிறையப் பார்க்கிறோம்.

இன்னொரு முயற்சி இத்தாலியின் இவ்ரியா ஊரில் நடந்தது. ஒலிவெட்டி தட்டச்சு இயந்திரங்கள் பிறந்த ஊர் அது. அங்கிருந்த வடிவமைப்புக் கல்லூரியில் படித்த கொலம்பிய மாணவர் எர்னாண்டோ பர்ரகான், 2003இல் தன் முதுகலை ஆய்வுக்காக 'ஒயரிங்' என்ற போர்டையும் அதற்கான எளிய நிரல் சூழலையும் உருவாக்கினார். அவர் உழைப்பின் மேல்தான் 2005இல் ஆர்டுயினோ எழுந்தது. அதை உருவாக்கிய மாசிமோ பான்சியும் நண்பர்களும் பேரெடுத்த அளவுக்குப் பர்ரகானின் பெயர் வெளியே தெரியாமல் போனது வருத்தமான விஷயம். பொறியியல் படிக்காத வடிவமைப்பு மாணவர்களுக்காகச் செய்யப்பட்டது ஆர்டுயினோ. வெளியே போய் ஒருவேளை பீட்சா சாப்பிடும் செலவுக்குள் ஒரு போர்டு கிடைக்க வேண்டும் என்பது பான்சியின் கணக்கு.

ஆர்டுயினோ ஊனோவின் பழைய வடிவத்தில் எனக்கு மிகவும் பிடித்தது, அதன் பெரிய கறுப்புச் சிப் ஒரு சாக்கெட்டில் உட்கார்ந்திருப்பது. தவறான ஒயரைக் கொடுத்து அதை எரித்துவிட்டால், ஸ்க்ரூடிரைவர் முனையால் நெம்பி எடுத்துவிட்டுப் புதுச் சிப்பைப் பொருத்தலாம். போர்டை வீச வேண்டியதில்லை. கற்றுக்கொள்கிறவன் எரிப்பான் என்று முன்கூட்டியே தெரிந்து, அதற்கு இடம் விட்டுச் செய்த பொருள். வரைபடங்களையும் எல்லாருக்கும் திறந்து வைத்தார்கள். அதனால்தான் சென்னை ரிச்சி தெருவில் அதே வடிவத்துப் போர்டு அசலின் விலையில் ஒரு பங்குக்குக் கிடைக்கிறது.

ஆனாலும் பதினொரு வயதுப் பிள்ளைக்கு ஆர்டுயினோவில் ஒரு சிக்கல் இருக்கிறது. விளக்கு எரியவில்லை என்றால் தவறு நிரலில் இருக்கலாம், பிரெட்போர்டில் ஒரு துளை தள்ளிச் செருகிய ஜம்பர் ஒயரில் இருக்கலாம், எல்இடியின் கால்களை மாற்றிப் போட்டதில் இருக்கலாம், 220 ஓம் ரெசிஸ்டருக்குப் பதில் 22,000 ஓம் எடுத்ததிலும் இருக்கலாம். பெரியவர்களுக்கு இதுவே சுவாரசியம். முதல் நாளிலேயே ஒரு பிள்ளை இத்தனை இடங்களில் தேட வேண்டி வந்தால், தனக்கு இது வராது என்று முடிவுகட்டிவிடும்.

மைக்ரோபிட்டைச் செய்தவர்கள் இந்த இடத்தைச் சரியாகப் பிடித்தார்கள் என்பது என் எண்ணம். 2014 செப்டம்பரில் இங்கிலாந்து தன் பாடத்திட்டத்தை மாற்றி, ஐந்து வயதிலிருந்தே நிரல் எழுதுவதைச் சேர்த்தது. 2015 மார்ச்சில் பிபிசி தன் பழைய நினைப்பைத் தூசி தட்டி எடுத்தது. பதினொன்று, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் ஒரு சிறு கணினி, சுமார் பத்து லட்சம் போர்டுகள், இலவசமாக. ஏஆர்எம், நார்டிக் செமிகண்டக்டர், மைக்ரோசாஃப்ட், லங்காஸ்டர் பல்கலைக்கழகம், சாம்சங், எலிமென்ட்14 என்று பலர் கைகோத்தார்கள். போர்டுக்குள் ஓடும் அடிப்படை மென்பொருளை லங்காஸ்டரில் எழுதினார்கள். பைதான் மொழியைச் சிறிய சிப்புகளுக்குள் அடங்கும்படி சுருக்கியிருந்த டேமியன் ஜார்ஜின் மைக்ரோபைதான் இதற்கும் வந்து சேர்ந்தது.

பொருள் என்னவோ 4 சென்டிமீட்டருக்கு 5 சென்டிமீட்டர். அதில் ஐந்துக்கு ஐந்தாக 25 சிவப்பு எல்இடிகள், இருபுறமும் ஏ, பி என்று இரண்டு பொத்தான்கள். ஆட்டினால் உணரும் ஆக்சிலரோமீட்டர், திசைகாட்டி, இன்னொரு போர்டோடு பேச ரேடியோ எல்லாம் உள்ளேயே இருக்கின்றன. அந்த எல்இடிகளே வெளிச்சத்தை அளக்கும் சென்சாராகவும் வேலை செய்யும். நினைவகம் 16 கிலோபைட். 1981இன் மாடல் ஏ பிபிசி மைக்ரோவில் இருந்ததும் அதே 16 கிலோபைட்தான். மேசை நிறைய இருந்த இயந்திரம் தன் நினைவகத்தைக் குறைத்துக்கொள்ளாமல் சட்டைப் பைக்குள் வந்துவிட்டது. வேகம் மட்டும் 2 மெகாஹெர்ட்ஸிலிருந்து 16 ஆனது.

விளக்கும் பொத்தானும் சென்சாரும் போர்டிலேயே இருப்பதால் முதல் சில வாரங்களுக்கு ஒயரே தேவையில்லை. வேலை செய்யவில்லையா, தவறு நிரலில்தான். தேடும் இடம் ஒன்றாகிவிட்டது. நிரலில் கை பழகியபிறகு, போர்டின் அடிவிளிம்பில் இருக்கும் ஐந்து பெரிய துளைகளில் முதலைக் கிளிப்பைக் கவ்வவிட்டு வெளியுலகத்துக்குப் போகலாம். கணினியில் செருகினால் பென் டிரைவ் போலத் தெரியும், நிரல் கோப்பை அதில் போட்டால் ஓடும். இதற்கென்று தனியாக ஒரு சிப் வைத்திருக்கிறார்கள். பிள்ளை எழுதும் நிரல் ஓடுவது வேறு சிப்பில். நிரல் எவ்வளவு மோசமாகப் போனாலும் அடுத்த நிரலை ஏற்றும் வழி அடைபடாது. ஆர்டுயினோவின் சாக்கெட் செய்த வேலையை இங்கே இந்த இரண்டாவது சிப் செய்கிறது.

வழி நேராக இருக்கவில்லை. முதல் வடிவத்தில் வாட்ச்சில் போடுவதுபோன்ற பட்டன் செல்லுக்கு இடம் வைத்திருந்தார்கள். 2015 ஜூலையில் இறுதி வடிவம் வந்தபோது அது காணாமல் போய், தனியாக இணைக்கும் பாட்டரிப் பெட்டி வந்தது. அதில் எனக்கு மகிழ்ச்சி. சிறு குழந்தை பட்டன் செல்லை விழுங்கினால் சில மணி நேரத்திலேயே உணவுக்குழாய் வெந்துவிடும். தம்பி தங்கை உள்ள வீட்டுக்கு வாங்கும் எந்தக் கிட்டிலும் பட்டன் செல் இருக்கிறதா என்றுதான் நான் முதலில் பார்ப்பேன். அக்டோபரில் கொடுப்பதாக இருந்த போர்டுகள் மின்வழங்கல் சிக்கலால் தள்ளிப்போய், 2016 மார்ச்சில்தான் பிள்ளைகளிடம் சேர்ந்தன. கல்வியாண்டு பாதிக்கு மேல் ஓடிவிட்ட நேரம். ஆசிரியர்கள் தயாராக அவகாசம் போதவில்லை என்ற குறை அப்போதே எழுந்தது. அது நியாயமான குறை. எத்தனையோ போர்டுகள் மேசை இழுப்பறைக்குள் போயிருக்கும்.

ஆனால் அந்தத் திட்டத்தில் ஒரு முடிவு எடுத்தார்கள், அதைத்தான் நான் எங்கே பேசினாலும் சொல்கிறேன். போர்டுகள் பள்ளிக்குச் சொந்தமில்லை, பிள்ளைக்குச் சொந்தம். வீட்டுக்குக் கொண்டுபோகலாம், பையில் போட்டுச் சுற்றலாம், தொலைக்கலாம், உடைக்கலாம். செருப்பைக் கழற்றிவிட்டு நுழைந்த அறையிலிருந்து கணினி வெளியே வந்துவிட்டது.

2016 அக்டோபரில் பிபிசி இந்தப் பொறுப்பை லாப நோக்கமற்ற ஓர் அறக்கட்டளைக்கு மாற்றியது. அதன்பின் போர்டு உலகம் சுற்றத் தொடங்கியது. தமிழும் ஆட்சிமொழியாக உள்ள சிங்கப்பூரில் 2017இல் அரசே பள்ளிகளுக்கு வழங்கியது. குரோஷியாவிலும் டென்மார்க்கிலும் பெரிய திட்டங்கள் நடந்தன. 2020க்குள் 50 லட்சத்துக்கு மேற்பட்ட போர்டுகள் உலகெங்கும் போய்ச் சேர்ந்தன. அந்த ஆண்டு அக்டோபரில் இரண்டாம் வடிவம் அறிவிக்கப்பட்டது. நினைவகம் 128 கிலோபைட் ஆனது, ஸ்பீக்கரும் மைக்கும் வந்தன. மைக் கேட்டுக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் ஒரு சிறு விளக்கு எரியும். தன்னை ஒரு கருவி எப்போது கேட்கிறது என்று பிள்ளைக்குத் தெரிய வேண்டும் என நினைத்தவர்கள் செய்தது அது. துளைகளின் விளிம்பில் சிறு வெட்டுகளும் போட்டார்கள், முதலைக் கிளிப் வழுக்காமல் இருக்க.

நம் ஊருக்கு வருவோம். 2016இல் நிதி ஆயோக் தொடங்கிய அடல் புத்தாக்கத் திட்டத்தில், தேர்ந்தெடுத்த பள்ளிகளுக்குத் தலா 20 லட்சம் ரூபாய் வரை கொடுத்து அடல் டிங்கரிங் ஆய்வகங்கள் அமைத்தார்கள். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரையுள்ள பிள்ளைகளுக்கானது. ஆர்டுயினோ வகைப் போர்டுகளும் சென்சார்களும் 3டி பிரிண்டரும் பத்தாயிரம் பள்ளிகளுக்குப் போயின. அவற்றில் உயிரோட்டமாக இயங்கும் ஆய்வகங்கள் இருக்கின்றன. கண்ணாடி பீரோவுக்குள் பிளாஸ்டிக் உறை பிரிக்காத பெட்டிகள் அடுக்கி, விருந்தினர் வரும்போது மட்டும் திறக்கும் ஆய்வகங்களும் இருக்கின்றன. பொருள் ஒன்றுதான். சாவி யாரிடம் இருக்கிறது என்பதில்தான் வேறுபாடு.

இனி அந்த முதல் கேள்விக்கு வருகிறேன். எந்தக் கிட் வாங்கலாம்?

பெட்டியில் எத்தனை செய்முறை என்று எண்ணாதீர்கள். அதில் ஒரு பாகம் தொலைந்தால் அல்லது எரிந்தால் என்ன ஆகும் என்று கடைக்காரரிடம் கேளுங்கள். அந்த நிறுவனத்தின் தனி இணைப்பில் மட்டுமே பொருந்தும் பாகங்கள் என்றால், இரண்டு தொலைந்ததும் முழுப் பெட்டியும் பரணுக்குப் போகும். ரோபோ கார் கிட்டுகள் பெரும்பாலும் இப்படித்தான் முடிகின்றன. ஒருமுறை பூட்டி முடித்த காரைக் கழற்றி வேறொன்று செய்யப் பிள்ளைக்கு மனம் வராது, பெற்றோருக்கும் வராது. சாதாரண எல்இடி, சாதாரண ரெசிஸ்டர், எந்தக் கடையிலும் கிடைக்கும் ஒயர் என்று இருக்கும் கிட் பார்க்கச் சுமாராக இருந்தாலும் நீண்ட நாள் வாழும். சென்னையில் ரிச்சி தெருவிலும் மற்ற ஊர்களில் டிவி மெக்கானிக்குகள் பாகம் வாங்கும் கடைகளிலும் எல்இடி, ரெசிஸ்டர் எல்லாம் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். பத்து எல்இடி வாங்கிக் கொடுத்துவிட்டு, இரண்டை எரித்துப் பார் என்று சொல்லுங்கள். ரெசிஸ்டர் எதற்கு என்பது அதற்கப்புறம் மறக்காது.

நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குப் போர்டே வேண்டாம். பாட்டரி, சிறு மோட்டார், விளக்கு, காப்பர் டேப் இவை போதும். கோடிங் ஆசை இருந்தால் ஸ்கிராட்ச் இலவசமாக இருக்கிறது. ஆறு முதல் எட்டு வரை மைக்ரோபிட்டைத்தான் நான் சொல்வேன். வாங்கும் முன் அதன் மேக்கோடு தளத்தை பிரவுசரில் திறந்து பாருங்கள். திரையிலேயே ஒரு மாதிரி போர்டு ஓடும், பொத்தானை அழுத்தலாம், ஆட்டலாம். ஒரு வாரம் பிள்ளை அதில் விளையாடி, இன்னும் கேட்டால் அப்போது வாங்கலாம். பணம் கூடுமானால் ஒரு போர்டுக்குப் பதில் இரண்டு. ரேடியோவில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குச் செய்தி போகும்போதுதான் பிள்ளைகள் விடாமல் பிடித்துக்கொள்கிறார்கள். மாடியிலிருந்து அண்ணன் அழுத்தினால் சமையலறையில் தங்கையின் போர்டில் இதயம் மின்னும். வகுப்பில் செய்யும்போது ஒவ்வொரு ஜோடிக்கும் தனிக் குழு எண் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் எல்லார் செய்தியும் எல்லாருக்கும் போய்ச் சேரும்.

ஒன்பதாம் வகுப்பு முதல் ஆர்டுயினோ ஊனோ பொருத்தம். பிரெட்போர்டு, ஒயர், ரெசிஸ்டர் என்று தேடிக் கண்டுபிடிக்கும் பொறுமை அந்த வயதில் வந்திருக்கும். கடைகளில் கிடைக்கும் மலிவான சென்சார்களில் பல 5 வோல்ட்டில் வேலை செய்பவை என்பதால் 5 வோல்ட் ஊனோவோடு நேராகச் சேரும். மைக்ரோபிட் சுமார் 3 வோல்ட்டில் ஓடுவது, அதன் துளையில் 5 வோல்ட்டைக் கொடுத்தால் கெட்டுப்போகும், மோட்டாரையும் அதில் நேராக மாட்டக் கூடாது. பைதான் படிக்கும் பிள்ளைக்கு, 2021இல் 4 டாலர் விலையில் வந்த ராஸ்பெர்ரி பை பீக்கோ நல்ல தேர்வு. ஆனால் பின்கள் சால்டர் செய்யாத வடிவமும் உண்டு, கேட்டு வாங்க வேண்டும்.

சின்ன விஷயங்கள்தான் பெரும்பாலும் முதல் நாளைக் கெடுக்கின்றன. சில யுஎஸ்பி கேபிள்கள் சார்ஜ் ஏற்ற மட்டுமே ஆனவை, தரவுக்கான ஒயர் உள்ளே இருக்காது. போர்டில் விளக்கு எரியும், கணினியில் ஒன்றும் தெரியாது. பழுது போர்டில் என்று நினைத்துத் திருப்பி அனுப்புகிறவர்கள் உண்டு. ஊனோவின் நகல் போர்டுகள் பலவற்றுக்குக் கணினியில் சிஎச்340 என்ற டிரைவரை நிறுவ வேண்டியிருக்கும். பள்ளிக் கணினிகளில் வைரஸ் பயத்தால் பென் டிரைவைத் தடுத்து வைத்திருந்தால் மைக்ரோபிட்டும் தெரியாது. குரோம் பிரவுசரிலிருந்து நேராக இணைக்கும் வழி இருக்கிறது, கணினி ஆசிரியர் அதை முதல் வகுப்புக்கு முன்பே சோதித்து வைத்துக்கொள்வது நல்லது. இயங்கும் போர்டை எவர்சில்வர் தட்டிலோ இரும்பு மேசையிலோ வைக்கக் கூடாது. அடியில் ஒரு அட்டை போதும்.

பள்ளிக்காக வாங்குகிறவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. ஒரு பெரிய ரோபோ கிட்டின் விலையில் வகுப்பில் இருவருக்கு ஒன்று வீதம் சிறு போர்டுகள் வாங்க முடியும் என்றால், அதைத் தேர்ந்தெடுங்கள். ஒரு மாணவர் தட்ட மற்றவர் பார்க்கும் பழைய ஏற்பாட்டுக்கு நாம் மறுபடி போக வேண்டாம். வார இறுதியில் அவற்றை வீட்டுக்குக் கொடுத்து அனுப்ப ஒரு நோட்டு போடுங்கள், நூலகப் புத்தகத்துக்குப் போடுவதுபோலவே. ஆசிரியருக்கு ஒரு போர்டு, பிள்ளைகளுக்கு வருவதற்கு இரண்டு மாதம் முன்பே, அவர் வீட்டில் வைத்துப் பழகுவதற்கு. கூடவே ஸ்டாக் ரெஜிஸ்டரையும் பாருங்கள். வேதியியல் ஆய்வகத்தில் உடையும் சோதனைக் குழாய்க்கு யாரும் ஆசிரியரின் சம்பளத்தில் பிடிப்பதில்லை, அது தேய்ந்து தீரும் பொருள்களின் பதிவேட்டில் இருக்கிறது, ஆண்டுதோறும் கழித்தெழுதப்படுகிறது. ஜம்பர் ஒயரையும் எல்இடியையும் சென்சாரையும் அந்தப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். முடிந்தால் போர்டையும். நிர்வாகக் குழுவின் ஒப்புதலோடு இதைக் கொள்முதல் செய்யும் நாளிலேயே எழுதி வைத்துவிட்டால், பீரோ சாவியை மாணவர்களிடமே கொடுக்க ஆசிரியருக்குத் தயக்கம் இருக்காது.